ஏழு கிலோவுக்குள்

மார்ச் 6, வெள்ளி

காலை பத்து மணிக்குக் கண் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். வண்டியில் வரும்போதே அவர் குனிந்து, என் மடியிலிருந்த தலையணையில் நெற்றியை வைத்துக்கொண்டுதான் வந்தார். வலது கண்ணின் விழித்திரை கிழிந்து விலகியிருந்தது. அதை ஒட்டவைத்து, ஒட்டியது நிற்பதற்காகக் கண்ணுக்குள் வாயு அடைத்திருக்கிறார்கள். பதினான்கு நாள் குப்புறப் படுக்க வேண்டும். சாப்பிடும்போதும் தலை கவிழ்ந்தே இருக்க வேண்டும். கழிவறைக்குப் போனாலும் தரையைப் பார்த்தபடிதான் போக வேண்டும். கையில் ஒரு பச்சைப் பட்டை கட்டிவிட்டிருக்கிறார்கள்: விமானம் ஏறக் கூடாது என்று அதில் அச்சடித்திருக்கிறது.

"மேலே போனா வாயு விரியும். விரிஞ்சா கண்ணு போயிடும். முழுசாக் கரைய ரெண்டு மாசம் ஆகும்" என்றார் டாக்டர்.

"பத்தொன்பதாம் தேதி எனக்கு ஒரு வேலை இருக்கு, டாக்டர்."

"அந்த வேலைக்கு இந்தக் கண்ணு வேணுமா, வேண்டாமா?"

இப்போது அவர் கட்டிலின் தலைமாட்டில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு முகத்தைப் பதித்துப் படுத்திருக்கிறார். ஒன்பது ஆண்டுகளாக பாலம் கட்டும் ஒரு கம்பெனிக்கு நாங்கள்தான் படம் எடுக்கிறோம். எங்கள் வருடத்தில் பாதி வேலை அவர்களுடையது. பத்தொன்பதாம் தேதி கடல் தாண்டி, இரண்டு விமானம் மாறிப் போகும் ஊரில், நான்கு வருடமாகக் கட்டும் பாலத்தின் நடுத்துண்டைத் தூக்கிப் பொருத்துகிறார்கள். ஒரே நாள். ஒரே தடவை.

மார்ச் 7, சனி

தலைமைப் பொறியாளருக்கு நானே போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ வேற ஆளை ஏற்பாடு பண்ணிக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம் சார். நான் வரேன்."

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

"நீங்களா? நீங்க அவர்கூடப் பை தூக்கிட்டு வருவீங்களே..."

"ஆமா சார். அந்தப் பையில இருக்கற ரெண்டாவது கேமராவுல பதினாலு வருஷமா எடுக்கறது நான்தான்."

"ஒரே தடவைதாம்மா தூக்குவோம். சரியா விழலை, இன்னொரு வாட்டி இறக்கி ஏத்துங்கன்னு கேட்க முடியாது. சொதப்பிடுச்சுன்னா அடுத்த பாலத்துக்கு உங்க ரெண்டு பேரையும் கூப்பிட எனக்கு வாய் இருக்காது."

"தெரியும் சார்."

"சரி, வாங்க" என்று சொல்லிவிட்டார்.

அவரிடம் போய்ச் சொன்னேன். தூங்கிவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். தலையணைக்குள்ளிருந்து, "பரண்ல இருந்து பெரிய பையை இறக்கு" என்றார். இப்போதைக்கு அது போதும் எனக்கு.

மார்ச் 9, திங்கள்

பெரிய பை என்பது அவருடைய சக்கரப் பை. கறுப்பு, இழுக்கக் கம்பி வைத்தது, ஒரு ஆள் உட்காரலாம் அவ்வளவு உறுதி. அவருக்கு அதன் மேல் உயிர். இன்று கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து அடுக்கினேன். அவர் குப்புறக் கிடந்தபடியே உத்தரவு போட்டார். கண்தான் இல்லையே தவிர காது யானைக் காது. "அது பக்கவாட்டு ஜிப்பு. பேட்டரி அங்க வைக்காதே." "இப்ப மூடினது பெரிய லென்ஸோட மூடிதானே? திருகி வை, அழுத்தாதே." நான் என்ன எடுக்கிறேன், எதில் போடுகிறேன் என்று சத்தத்தை வைத்தே சொல்கிறார்.

எல்லாம் வைத்து மூடினேன். சமையலறைத் தராசு ஐந்து கிலோவோடு நின்றுவிடும். அதனால் பையைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறினேன், பிறகு தனியாக ஏறினேன், கழித்தேன். (என் எடையை இங்கே எழுதப் போவதில்லை. இது என் நாட்குறிப்புதான், இருந்தாலும்.) பதினான்கு கிலோ இருநூறு.

விமானத்துக்குள் ஓர் ஆளுக்கு ஏழு கிலோ. இத்தனை வருடம் அது உறைக்கவே இல்லை. நாங்கள் இரண்டு பேர் அல்லவா போனோம்? அவருக்கு ஏழு, எனக்கு ஏழு. வரிசையில் நிற்கும்போது பாதியை என் தோள்பைக்கு மாற்றுவேன், தாண்டியதும் திருப்பி வைப்பேன். இப்போது ஆள் ஒன்று, சாமான் இரண்டு ஆளுக்கானது.

வெறும் பையை மட்டும் நிறுத்துப் பார்த்தேன். மூன்று கிலோ தொள்ளாயிரம். ஒன்றுமே வைக்காமல் பாதிக்குமேல் போய்விட்டது! சக்கரமும் கம்பியும் தின்கிற எடை.

"பையை மாத்தணுங்க" என்றேன்.

"அதெல்லாம் முடியாது. இருபது நாடு போயிருக்கு அந்தப் பை."

"உங்களோட போச்சு. நீங்க அந்த எடையைப் பார்க்கலை, நான் பாதியைத் தூக்கினேன்."

"தூரத்துக்கு எடுக்கற அந்த நானூறு எம்.எம். லென்ஸைத் துணிக்குள்ள சுத்திப் பெட்டியில போட்டு அனுப்பிடு. எடை குறையும்."

விமானத்தின் சாமான் அறையில் போட்டு அனுப்பிய லென்ஸ் ஒன்று கண்ணாடித் தூளாக வந்ததை அவர் மறந்திருக்கலாம். அதைப் பெருக்கி அள்ளியவள் நான்.

மார்ச் 10, செவ்வாய்

போகிறேன். பை மட்டும்தான் முடிவாகவில்லை.

மார்ச் 11, புதன்

கடைத்தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரர் காட்டிய பையில் எடுப்பான மஞ்சள் எழுத்தில் கேமராக் கம்பெனியின் பெயர். திருடனுக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி. இரண்டாவது கடையில் தண்ணீர் புகாத கெட்டிப் பெட்டி. கடலில் போட்டாலும் மிதக்குமாம். நான் பாலத்துக்குப் போகிறேன், மூழ்கப் போகவில்லை.

மூன்றாவது கடை ஓர் அம்மாவுடையது. மலையேறுபவர்களுக்கான பைகள். நான் ஒவ்வொன்றையும் வழியில் வாங்கிய தொங்கு தராசில் மாட்டி மாட்டிப் பார்த்ததும் அவர் ஏதோ சோதனை அதிகாரி என்று நினைத்துவிட்டார். விஷயம் சொன்னதும் சிரித்தார். "கேமராப் பைன்னு கேட்டா எல்லாரும் பஞ்சை விப்பாங்க. உங்களுக்கு வெறும் பைதாம்மா வேணும். பஞ்சு உங்ககிட்ட இருக்குமே?"

இருக்கத்தான் செய்கிறது. பழைய பையின் உள்தடுப்புகள்! ஒட்டிப் பிரிக்கும் பஞ்சுச் சுவர்கள்.

முதுகில் மாட்டும் சாம்பல் நிறப் பை. சாதாரணமாக இருக்கிறது, துணிதான் உள்ளே இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். தொள்ளாயிரம் கிராம். மேலே திறக்காமல் முதுகுப் பக்கம் முழுதாகத் திறக்கிறது. வாங்கிவிட்டேன்.

மதியம் பஞ்சுச் சுவர்களை வைத்து உள்ளே அப்படியே பொருந்தும் பெட்டி ஒன்று தைத்தேன். இரண்டு பக்கமும் பழைய இடுப்புவாரை வெட்டிக் கைப்பிடி. காரணம் இருக்கிறது. இரண்டாவது விமானம் விசிறி வைத்த சின்ன விமானம். மேலே பை வைக்கும் இடம் பூனைக்குட்டி படுக்கலாம், அவ்வளவுதான். படிக்கட்டின் அடியிலேயே முதுகுப் பையை வாங்கிக் கீழே சாமான்களோடு போட்டுவிடுவார்கள். கேட்டால் பையைக் கொடுத்துவிடுவேன். பெட்டியை மட்டும் உருவிக்கொண்டு மடியில் வைத்துக்கொள்வேன்.

அவரிடம் சொல்லவில்லை. அவர் காதுக்காகச் சக்கரப் பையின் ஜிப்புகளை நாலு தடவை திறந்து மூடினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் குப்புறக் கிடக்கும் மனிதரோடு தினமும் பைச் சண்டை போடும் தெம்பு எனக்கில்லை.

மார்ச் 12, வியாழன்

இன்று எழுதவே கை வரவில்லை. எழுதினால்தான் ஆறும்.

கேமராக்களைத் துடைக்க உட்கார்ந்தேன். வாரம் ஒருமுறை துடைப்பது என் வேலை. அவருடைய கேமராவின் பின்பக்கத் திரையில் எண்ணெய்ப் பிசுக்கு, திரையின் வலது பக்கம். துணியை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

வலது கண்ணை வைத்துப் பார்ப்பவரின் மூக்கு திரையின் இடது பக்கத்தில் படும். பதினான்கு வருடமாக இடது பக்கம்தான் துடைத்தேன். வலது பக்கம் பிசுக்கு என்றால், இடது கண்ணால் பார்த்து எடுத்திருக்கிறார். இது புதிதும் இல்லை. போன வாரமும் வலது பக்கம்தான் துடைத்தேன். அதற்கு முந்தின வாரமும். அதற்கு முன்னாலும். துடைத்தேனே தவிர பார்க்கவில்லை.

டாக்டரிடம் நாலு நாளாக நிழல் தெரிகிறது என்றுதானே சொன்னார்?

நேராகப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தேன். அப்படிப் படுத்தால்தான் அவர் முகம் தெரியும். "எத்தனை நாளா இடது கண்ணால எடுக்கறீங்க?"

கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்கறேன்ல?"

"ஒன்றரை மாசம் இருக்கும்."

"ஒன்றரை மாசமாத் தெரிஞ்சு...?"

"ஓரத்துல ஒரு திரை மாதிரி. போயிடும்னு நினைச்சேன். சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவே. பாலம் முடியட்டும், காட்டிக்கலாம்னு இருந்தேன்."

என்ன மனுஷன் இவரு? பாலம் முக்கியமாப் போச்சு, கண்ணு போனாப் போகட்டும்னு இருந்திருக்காரு. ஒரு மாசம் முன்னாடி போயிருந்தா லேசர்லயே முடிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னப்போ அப்படியே கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாரே! அப்போகூட என்கிட்ட சொல்லணும்னு தோணலை. கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். கீழே விரித்திருந்த துண்டில் ஒரு சொட்டு விழுந்தது. மருந்தா, கண்ணீரா என்று கேட்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பேசவில்லை. மருந்து மட்டும் ஊற்றினேன், நேரம் தவறாமல்.

மார்ச் 14, சனி

நாத்தனார் வந்துவிட்டாள். நான் இல்லாத ஐந்து நாள் அண்ணனைப் பார்த்துக்கொள்ள. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் கலெக்டர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உத்தரவு ஆரம்பமாகிவிடும். "அண்ணி, நீங்க உங்க வேலையைப் பாருங்க. இவனை நான் பார்த்துக்கறேன். தலையைத் தூக்கினான்னா ஒரே தட்டு."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், புதுப் பை உட்பட. கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தோம். கலெக்டர் விமானப் பணிப்பெண். துப்பட்டாவைக் கழுத்தில் முடிந்துகொண்டு, "மேடம், இந்தப் பையைக் கீழே போடணும்" என்றாள் ஒரு விஷச் சிரிப்போடு. நான் பையை முதுகிலிருந்து இறக்கி, ஜிப்பைத் திறந்து, பெட்டியை உருவி, பையைக் கொடுக்க வேண்டும். முதல் தடவை ஐம்பது விநாடி. வார் மாட்டிக்கொண்டது. "பின்னாடி வரிசை நிக்குது மேடம். எல்லாரும் முறைக்கறாங்க." ஏழாவது தடவை பதினொரு விநாடி. இரண்டு பேரும் சிரித்து மூச்சு முட்டியது. உள் அறையிலிருந்து, "என்ன கூத்து அங்க?" என்று குரல் வந்தது. வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை.

இப்போது எடை. இரண்டு கேமரா ஒரு கிலோ எண்ணூறு. அகல லென்ஸ் எழுநூறு. நடு லென்ஸ் எண்ணூற்றைம்பது. எழுபது-இருநூறு லென்ஸ் ஒன்றரை. ஐந்து பேட்டரி, ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டித் தனித்தனி உறையில், நானூறு. சார்ஜர், கார்டுகள், நகலெடுக்கும் சின்னப் பெட்டி, ஐந்நூறு. பையும் உள்பெட்டியும் ஒன்று இருநூறு. மொத்தம் ஆறு கிலோ தொள்ளாயிரத்தைம்பது.

மடிக்கணினி வீட்டில். ஃபிளாஷ் வீட்டில். கேமரா நிறுத்தும் முக்காலி துணிப்பெட்டியில் போகும், உடைந்தாலும் கம்பிதான். அவர் உயிராக நினைக்கும் நானூறு லென்ஸ், தனியாக இரண்டு கிலோ தொள்ளாயிரம், வீட்டில்.

அந்த லென்ஸைக் கையில் எடுத்து மறுபடி வைத்தபோது பயமாகத்தான் இருந்தது. ஆற்றங்கரையில் நின்றால் நடுத்துண்டு அரைக் கிலோமீட்டர் தள்ளி. ஆனால் அதை எடுத்தால் ஒரு கேமராவும் இரண்டு லென்ஸும் வெளியே போக வேண்டும். ஒரு கேமரா நின்றுபோனால் நானும் நின்றுபோவேன். வேண்டாம். முடிவு முடிவுதான்.

மார்ச் 16, திங்கள்

சாயங்காலம் கண்ணில் மருந்து ஊற்றும்போது அவராகவே ஆரம்பித்தார். "சக்கரப் பை பரண் மேல ஏறிடுச்சுல்ல?"

கை நின்றுவிட்டது.

"சும்மா சும்மா ஜிப்பைத் திறந்து மூடறே. உள்ள சாமான் இருக்கற பை அப்படிச் சத்தம் போடாது. வெறும் பை டொக்கு டொக்குன்னு கேட்கும்."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"புதன்கிழமைலேர்ந்து."

"ஏன் சொல்லலை?"

"நான் மறைச்சது பெரிசா, நீ மறைச்சது பெரிசா? எந்த வாயை வச்சுக்கிட்டுச் சொல்றது?" கொஞ்சம் இருந்து, "நானூறை எடுக்கலை, அப்படித்தானே?" என்றார்.

"எடுக்கலை."

"அப்போ கரையில நின்னு பிரயோஜனம் இல்லை. மேல ஏறணும். தூணுக்குள்ள ஏணி இருக்கும். நான் ஏறினதில்லை, எனக்கு நானூறு இருந்துச்சு. முன்னாடி நாளே போய் ஃபோர்மேன்கிட்ட கேளு. அன்னிக்குக் காலையில கேட்டா விட மாட்டான்."

"ஏறுவேன்."

"ஏறுவே. அது தெரியும். இறங்கும்போது கீழே பார்க்காதே."

அவர் பின்னந்தலையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

முதல் விமான நிலையத்தில் பையைத் தராசில் வைக்கச் சொன்னார்கள். ஆறு தொள்ளாயிரம். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கோ பரீட்சையில் தேறிய மாதிரி. பரிசோதனையில் எல்லாவற்றையும் வெளியே பரப்பச் சொன்னார்கள். பரப்பினேன், திரும்ப அடுக்கினேன். எந்தக் குழியில் எது என்று கை தானாகப் போனது.

சின்ன விமானத்தின் படிக்கட்டடியில் எதிர்பார்த்தபடியே ஒருவர் கை நீட்டினார். "பை கீழே போகணும் மேடம்." பெட்டியை உருவினேன், பையைக் கொடுத்தேன். கலெக்டர் இருந்திருந்தால் பதினொன்றுக்குள் என்று சொல்லியிருப்பாள். மடியில் ஆறு கிலோ, கடல் தாண்டும்வரை. கால் மரத்துப்போனது. இறக்கி வைக்க மனம் வரவில்லை.

மார்ச் 18, புதன்

மதியம் இடத்தைப் பார்க்கப் போனேன். தளத்து அலுவலகம் ஆற்றங்கரையில் ஓர் இரும்புக் கொள்கலன். அதன் கூரையில் ஒரு கேமராவை அசையாமல் நிறுத்திவிட்டு, காலையிலிருந்து முடியும்வரை ஐந்து விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்க வேண்டும். ஒரு மயிரிழை அசைந்தாலும் பயனில்லை. முக்காலியை விரித்தேன். கேமராவை எடுத்தேன். மேலே பூட்டும் பிளேட்டைத் தேடினேன்.

இல்லை.

அந்த உள்ளங்கை அளவு இரும்புத் தகடு இல்லாமல் முக்காலி வெறும் மூன்று குச்சி. பெட்டியைக் கவிழ்த்தேன். துணிகளை உதறினேன். பிறகு புரிந்தது. பதினான்கு வருடமாக என் பட்டியலில் பிளேட் கிடையாது. அது எப்போதும் அவர் கால்சட்டைப் பையில் வரும், சாவிக்கொத்தோடு. நான் பையை அடுக்கினேன், அவரை அடுக்கவில்லை. வீட்டில் கதவுக்குப் பின்னால், ஆணியில் தொங்கும் கால்சட்டையில் அது பத்திரமாக இருக்கிறது.

ஐந்து நிமிடம் கூரை மேல் உட்கார்ந்து என்னையே திட்டினேன். போன் செய்யலாமா? செய்து? அங்கே அவர் குப்புறக் கிடந்து தவிப்பார், அதுதான் மிச்சம். செய்யவில்லை.

நில அளவைக்காரரிடம் அவருடைய கருவியின் முக்காலியைக் கேட்டேன். நல்ல மனிதர், கொடுத்தார். திருகு பெரியது, பொருந்தவில்லை. ஃபோர்மேன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் வந்து, "என்னம்மா, என்ன வேணும்?" என்றார். அசையாம ஒரு பொருள் உட்காரணும் என்றேன். "இவ்வளவுதானே? பாலமே அதுக்குத்தானே கட்டறோம்" என்று சிரித்துவிட்டு, சோதனைக்கு வார்த்து வைத்த கான்கிரீட் கட்டிகள் இரண்டைத் தூக்கிவரச் சொன்னார். நடுவில் சிமெண்டுப் பையில் பாதி மணல். கேமராவை மணலில் அழுத்திப் பதித்து, என் பையின் வார்களால் கட்டிகளோடு சேர்த்து இறுக்கினேன். கூரையில் குதித்துப் பார்த்தார் ஃபோர்மேன். அசையவில்லை.

அதே சூட்டில் தூணில் ஏறுவதையும் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நூத்தி நாப்பது படி. கயிறு மாட்டிக்கணும். பையெல்லாம் கூடாது."

"ஒரு கேமரா, ஒரு லென்ஸ். அவ்வளவுதான்."

"ஆறு மணிக்கு வாங்க."

மார்ச் 19, வியாழன்

முடிந்தது.

ஆறரைக்கு மிதவையிலிருந்து நடுத்துண்டு கிளம்பியது. கண்ணுக்கு நகர்வதே தெரியாது. ஒன்பது மணிக்குப் பார்த்தால் ஒரு மாடி ஏறியிருந்தது. கூரைக் கேமராவில் இரண்டு முறை பேட்டரி மாற்றினேன், அது அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. பதினோரு மணிக்கு ஏணி. படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். எண்பதில் ஒரு முறை நின்று கேமரா வாரை இறுக்கிக்கொண்டேன். சக்கரப் பைக்காரியாக வந்திருந்தால் இப்போது கரையில்தான் நின்றிருப்பேன்.

மேலே காற்று. துண்டு வந்து நின்றபோது இந்தப் பக்கத்துக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. இந்தக் கரை ஃபிட்டரும் அந்தக் கரை ஃபிட்டரும் நாலு வருடமாக எதிரெதிரே வேலை செய்தவர்கள். இவர் இடைவெளியை அளக்க எஃகு அளவுகோலை நீட்டினார். மறுமுனையைத் துண்டின் மேல் நின்றிருந்த அவர் பிடித்தார். இரண்டு கைகள், ஒரு அளவுகோல், கீழே நெடுந்தூரத்தில் தண்ணீர். எனக்கு நேர் கீழே. எடுத்தேன். பதினேழு படம். எட்டாவதுதான் என்று அப்போதே தெரியும்.

ஒன்று விட்டுப்போனது. பொருந்தியதும் கீழே மிதவை ஓட்டியவர் தொப்பியைக் கழற்றி ஆற்றில் வீசிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். என் லென்ஸுக்கு அவர் வெறும் புள்ளி. நானூறு இருந்திருந்தால் அந்த முகம் கிடைத்திருக்கும். நானூறு வேண்டும் என்று வீட்டில் அவர் சொன்னதும் பொய்யில்லை.

இறங்கும்போது கீழே பார்க்கவில்லை.

சாயங்காலம் போன் செய்தேன். கலெக்டர் போனை அவர் காதில் வைத்தாள்.

"எடுத்துட்டேங்க" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

"கார்டை ரெண்டு நகல் எடு. அப்புறம் அழு" என்றார்.

எடுத்தேன். பிறகு அழுதேன்.

மார்ச் 22, ஞாயிறு

வீடு. அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்! இரண்டு வாரத்துக்குப் பிறகு, தரையில் படுக்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் தலையணைக் கோடு. படங்களைத் திரையில் ஒவ்வொன்றாக, இடது கண்ணால், மூக்கு ஒட்டும் தூரத்தில் பார்த்தார். எட்டாவது படம் வந்ததும் வெகுநேரம் நகர்த்தவே இல்லை. "நான் கரையில நின்னிருப்பேன்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு நூற்று நாற்பது படியும் தகும். பிளேட் கதையைக் கேட்டு, எழுந்து போய்க் கால்சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து என் கையில் வைத்தார். பட்டியலில் முதல் வரியாக எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 30, வியாழன்

வாயு கரைந்துவிட்டது. பச்சைப் பட்டையை வெட்டி எடுத்தார்கள். வலது கண்ணுக்கு வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரிகிறது, நிறம் தெரிகிறது. ஆனால் நேர்கோடு வளைந்து தெரிகிறதாம். டாக்டர் கட்டம் போட்ட தாளைக் காட்டியபோது, "நடுவுல அலை அடிக்குது" என்றார். இது எவ்வளவு சரியாகும் என்று சொல்ல முடியாதாம். கட்டடத்தையும் பாலத்தையும் நேர்கோட்டையும் வைத்து வாழ்ந்த மனிதர். திரும்பி வரும்போது வண்டியில் விளக்குக் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

ஜூன் 8, திங்கள்

பாலத்தைப் பற்றிக் கம்பெனி அச்சிட்ட புத்தகம் தபாலில் வந்தது. அட்டை முழுக்க என் எட்டாவது படம். உள்ளே திருப்பினேன். "அட்டைப் படம்" என்று போட்டு அவர் பெயர்.

பழக்கதோஷம். ஒன்பது வருடமாகப் போட்ட பெயரை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். யார் மேலும் குற்றமில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலித்தது. பொய் எழுத மாட்டேன், ரொம்ப வலித்தது. புத்தகத்தை மேசை மேல் வைத்துவிட்டு, "நல்லா வந்திருக்குங்க" என்று சொல்லிச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் போனில் அவர் குரல்.

"சார், அட்டைப் படம் நான் எடுக்கலை... இல்லை சார், நிச்சயமா இல்லை. அன்னிக்கு நான் கட்டில்ல குப்புறக் கிடந்தேன். எடுத்தவ சமையல்கட்டுல நிக்கறா... எண்ணூறு பிரதி அடிச்சாச்சா? எண்ணூறுக்கும் ஒரு சீட்டு அடிச்சு ஒட்டுங்க. ஆள் இல்லைன்னா சொல்லுங்க, நானே வந்து ஒட்டறேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

அடுத்த பாலத்துக்கான படிவம் வந்திருக்கிறது. அடுத்த மாதம் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். விமானத்தில் ஏறலாம் என்று டாக்டர் அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினோம். புகைப்படக்காரர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு அவரைப் பார்க்கவில்லை.

பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அடுத்த வரி, உதவியாளர். குனிந்து, மெதுவாக, தன் பெயரை எழுதினார். எழுத்துகள் கோட்டை விட்டு மேலே ஏறி, இறங்கி, கடைசி எழுத்து அடுத்த கட்டத்துக்குள் போய் நின்றது.

"நேராத்தானே இருக்கு?" என்று கேட்டார்.

"நேராத்தான் இருக்கு" என்றேன்.